எவென் மொழிக்குள் சகா இலக்கணம்: ஆர்க்டிக் மொழித்தொடர்பு ஆய்வைத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை ஆய்வேட்டுக்காக சைபீரியாவின் இரண்டு மொழிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று சகா, யாகுத்து என்றும் சொல்வார்கள், துருக்கியக் குடும்பம். இன்னொன்று எவென், மான் மேய்க்கும் மக்களின் மொழி, துங்குசியக் குடும்பம். பக்கத்துப் பக்கத்தில் வாழும் இந்த இரண்டு மொழிகளும் ஒன்றின் இலக்கணத்தை மற்றொன்று எப்படி மாற்றியது என்று காட்ட வேண்டும். முதல் ஏழு மாதத்தில் நாற்பது பக்கம் எழுதினேன். இரண்டிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, இரண்டிலும் விகுதிமேல் விகுதி சேர்கிறது, இரண்டிலும் வினையெச்சங்கள் சங்கிலிபோல நீள்கின்றன. ஆகவே தொடர்பால் ஒத்துப்போயின என்பது என் வாதம். படித்துப் பார்த்த என் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தப் பட்டியல் முழுக்கத் தமிழுக்கும் பொருந்துகிறதே, தமிழும் சகாவிடம் கற்றுக்கொண்டதா?"

நாற்பது பக்கமும் போயிற்று. அதற்குப் பிறகு, சரியான வரிசையில் வேலை செய்ய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. வரிசை முன்பே தெரிந்திருந்தால் எட்டு மாதத்தில் முடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். வீட்டிலிருந்தே, காப்பகப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு மட்டுமான வழிகாட்டி இது. வடதுருவப் பயணம் பற்றி இதில் எதுவும் இல்லை.

1. மொழியை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள்

"சகாவுக்கும் எவெனுக்கும் உள்ள தொடர்பு" என்ற தலைப்பே தவறு. எவென் மக்கள் யாகுத்தியாவிலிருந்து கிழக்கே கம்சட்கா தீபகற்பம் வரை சிதறி வாழ்கிறார்கள். எல்லா எவென்களும் சகா பேசுபவர்களின் பக்கத்தில் இல்லை. தொடர்பு நடப்பது ஊரில்தான்: ஒரு வீட்டில், ஒரு திருமணத்தில், ஒரு மான் மந்தையில்.

நான் கடைசியில் எடுத்துக்கொண்டது லமுன்கின் என்ற எவென் வட்டார வழக்கு. வெர்கோயான்ஸ்க் மலைகளில் உள்ள செப்யான்-கியுயோல் என்ற ஊரில் பேசப்படுவது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்குள்ள எவென்கள் சகாவையும் நன்றாகப் பேசுகிறார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்: 2010 ரஷ்ய மக்கள்தொகைக் கணக்கில் சகா பேசுவோர் சுமார் நான்கரை லட்சம், எவென் பேசுவோர் 6,000-க்கும் குறைவு. அழுத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

தேர்ந்தெடுக்கும் ஊருக்கு மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: யார் எந்த மொழியில் யாரோடு பேசுகிறார்கள் என்ற தகவல், ஒலிப்பதிவோடு கூடிய உரைகள், அந்த அண்டைமொழியின் தொடர்பு இல்லாத இடத்தில் பேசப்படும் அதே மொழியின் இன்னொரு வழக்கு. மூன்றாவது இல்லையென்றால் ஊரை மாற்றுங்கள். அது எவ்வளவு ஆர்வமூட்டும் ஊராக இருந்தாலும் சரி.

பொறி: பாடநூல் எவென் மொழியை நம்பிவிடாதீர்கள். எழுத்து வழக்கு கிழக்கே மகதான் பக்கத்து ஓலா வழக்கை அடிப்படையாகக் கொண்டது. பள்ளிப் புத்தகத்தைப் படித்துவிட்டு லமுன்கின் பற்றி எழுதுவது, நாகர்கோவில் பேச்சைப் பற்றி எழுத செய்தித்தாளைப் படிப்பது போன்றது.

2. ஐந்து பத்தி அட்டவணை போடுங்கள்

இந்த வேலையின் உயிரே இதுதான். மற்ற எந்தப் படியில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

ஒரு தாளில் ஐந்து பத்தி, அதாவது மேலிருந்து கீழாக ஐந்து கட்டம், போடுங்கள். முதல் பத்தி, நீங்கள் ஆராயும் வழக்கு: லமுன்கின் எவென். இரண்டாவது, தொலைவில் போன அதன் உடன்பிறப்பு: கம்சட்காவின் பிஸ்த்ராயா வழக்கு, எஸ்ஸோ, அனவ்காய் ஊர்களில் பேசப்படுவது. மூன்றாவது, அண்டை மொழி: சகா. நான்காவது, அண்டை மொழியின் தொலைவு உறவு: துருக்கி மொழியோ கசாக்கோ. ஐந்தாவது, உங்கள் மொழியின் பெரிய உறவு: எவென்கி, பெயர் எவெனைப் போல இருந்தாலும் அது துங்குசியக் குடும்பத்தின் வேறொரு மொழி.

ஒரு இலக்கணக் கூறு முதல் பத்தியிலும் மூன்றாம் பத்தியிலும் மட்டும் இருந்து, இரண்டாம் பத்தியிலும் ஐந்தாம் பத்தியிலும் இல்லையென்றால், அது சகாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று பேச ஆரம்பிக்கலாம். ஐந்து பத்தியிலும் இருந்தால், என் நாற்பது பக்கம் போல அதைக் கிழித்துப் போடுங்கள். வினை கடைசியில் வருவதும் விகுதிகள் அடுக்குவதும் ஐந்து பத்தியிலும் இருப்பவை.

எடுத்துக்காட்டோடு சொன்னால் புரியும். லமுன்கின் எவெனில் சகாவின் வினை வடிவங்கள் சில, தொகுப்பாகவே உள்ளே வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று "செய்ய வேண்டும்" என்ற தேவையைக் காட்டும் வடிவம். சகாவில் "பர்" என்றால் போ. "பரியக்தாக்" என்றால் போக வேண்டியவன், போக வேண்டும். உள்ளே பிரித்தால் "போ" என்ற அடி, எதிர்கால எச்ச விகுதி, "உடைய" என்ற பொருள் தரும் விகுதி. இனிப் போவதை உடையவன் என்ற கட்டமைப்பு, போக வேண்டும் என்ற பொருளாகிவிட்டது. இந்த விகுதியை லமுன்கின் பேச்சாளர்கள் எவென் வினையடிகளில் சேர்க்கிறார்கள். அதோடு நிற்கவில்லை, நான், நீ, அவன் என்று காட்டும் சகா விகுதிகளும் கூடவே வருகின்றன. ஒரு சொல்லை மட்டும் கடன் வாங்குவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பிஸ்த்ராயாவில் இது இல்லை. அட்டவணை தெளிவாகப் பேசுகிறது.

இப்போது எதிர்த் திசை. பெரிய மொழிதான் சின்ன மொழியை மாற்றும் என்று நினைத்து நான் சகா பக்கம் திரும்பவே இல்லை. அது என் இரண்டாவது பெரிய தவறு. சகாவில் இரண்டு வகைக் கட்டளை உண்டு. "கெல்" என்றால் இப்போது வா. "கெலேர்" என்றால் அப்புறம் வா. நாம் "அப்புறம்" என்ற சொல்லைச் சேர்க்கும் இடத்தில் அவர்கள் வினை விகுதியையே மாற்றுகிறார்கள். துருக்கி மொழியில் இந்த வேறுபாடு கிடையாது, கசாக்கிலும் கிடையாது. எவென்கியில் உண்டு, எவெனிலும் உண்டு. விகுதியின் ஒலி வேறு வேறு, பாகுபாடு ஒன்றே. துங்குசிய மக்களோடு பழகியதால் சகாவுக்குள் வந்த பாகுபாடு இது என்று பிரிகிட்டே பாக்கெண்டார்ஃப் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுவதன் அடிப்படை இதுதான்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் "தண்ணீரைக் கொண்டு வா" என்றால் குறிப்பிட்ட தண்ணீர். "தண்ணீர் கொண்டு வா" என்றால் கொஞ்சம் தண்ணீர். சகாவில் "ஊ" என்றால் தண்ணீர். "ஊனு அகல்" என்றால் அந்தத் தண்ணீரைக் கொண்டு வா. "ஊத அகல்" என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா. கடைசியில் வந்த "த", பகுதியைக் காட்டும் தனி வேற்றுமை. பெரும்பாலும் கட்டளை வாக்கியங்களில்தான் வரும். இந்த விகுதி எங்கிருந்து வந்தது? துருக்கி மொழியில் "எவ்தெ" என்றால் வீட்டில். அதே பழைய இடவேற்றுமை விகுதிதான் இது. சகாவில் இடத்தைக் காட்டும் வேலை வேறு வேற்றுமைக்குப் போய்விட்டது. பழைய விகுதிக்குப் புது வேலை கிடைத்தது. எவென்கியிலும் இன்னது என்று குறிப்பிடாத செயப்படுபொருளைக் காட்ட ஒரு தனி வேற்றுமை இருக்கிறது. ஆக, விகுதியின் உடல் துருக்கியம், அது செய்யும் வேலை துங்குசியம்.

இதிலிருந்து உங்கள் அட்டவணையில் ஆறாவதாக ஒரு குறிப்புப் பத்தி வேண்டும்: வந்தது உருவமா, அமைப்பா? லமுன்கின் வினை வடிவத்தில் உருவமே வந்தது. சகா வேற்றுமையில் அமைப்பு மட்டும் வந்தது. உருவத்தை நிரூபிப்பது எளிது. அமைப்பை நிரூபிக்க இரண்டு பக்க உறவுகளையும் காட்டியாக வேண்டும்.

பொறி: ஒப்பீட்டுக்கு வைத்த வழக்கும் முழுக்கத் தூய்மையாக இருக்காது. கம்சட்காவில் எவென்கள் கொர்யாக் மக்களோடும் ரஷ்யர்களோடும் வாழ்கிறார்கள். பிஸ்த்ராயாவில் ஒரு கூறு இல்லையென்றால், அது அங்கே தேய்ந்து போனதாகவும் இருக்கலாம். அதனால்தான் ஐந்தாவது பத்தியில் எவென்கி.

3. எழுத்தையும் குறியீட்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல இலக்கண நூல்களில் பெரும்பகுதி ரஷ்ய மொழியில் இருக்கிறது. ரஷ்யன் சரளமாகத் தேவையில்லை. சிரிலிக் எழுத்தும் இலக்கணச் சொற்கள் ஒரு நூறும் போதும். எழுத்துக்கு இரண்டு வாரம், சொற்களுக்கு இரண்டு மாதம், தினம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சகா எழுத்தில் ரஷ்ய எழுத்துகளுக்கு மேல் ஐந்து தனி எழுத்துகள் உண்டு. வருடிய பழைய நூல்களில் இருந்து கணினி வழியாக எழுத்தை எடுத்தால், இந்த ஐந்தும் பக்கத்து ரஷ்ய எழுத்துகளாக மாறிவிடும். நான் ஒரு விகுதியை மூன்று வாரம் தேடிக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான். எடுக்கும் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் மூலப் பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் லைப்சிக் உரைக்குறிப்பு விதிகள். சொல்லைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே பொருள் எழுதும் முறை. இலவசமாகக் கிடைக்கும் சில பக்கங்கள், ஒரு மாலையில் படித்துவிடலாம். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே உண்மையான உதவி உண்டு. வேற்றுமை, வினையெச்சம், பெயரெச்சம் எல்லாம் நமக்குப் புதிதல்ல. ஆங்கிலம் வழியாக மட்டும் மொழியியல் படித்தவர்கள் திணறும் இடத்தில் நாம் சட்டென்று உள்ளே போய்விடலாம்.

4. பதிவுகளுக்கு அனுமதி வாங்குங்கள்

எவென் வழக்குகளின் பதிவுகள் நெதர்லாந்தின் நைமேகனில், மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் மொழிக் காப்பகத்தில் இருக்கின்றன. அழிந்துவரும் மொழிகளை ஆவணப்படுத்தும் தோபெஸ் திட்டத்தில் சேர்ந்தவை. வட சைபீரிய மொழிகளுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் இனெல் திட்டம் இருக்கிறது. தொல்கான், எவென்கி, செல்குப் போன்ற மொழிகளின் உரைகள் பிரித்துப் பொருள் எழுதிய நிலையில் அங்கே கிடைக்கும். தய்மீர் தீபகற்பத்தின் தொல்கான், சகாவுக்கு மிக நெருங்கிய உறவு. சகா, எவென்கி தொடர்பை உண்மையான ஆர்க்டிக் மண்ணில் பார்க்க விரும்புபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

காப்பகத்தில் எல்லாக் கோப்பும் திறந்திருக்காது. சில யாருக்கும் கிடைக்கும். சில கணக்குத் தொடங்கினால் கிடைக்கும். சிலவற்றுக்குப் பதிவு செய்தவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. கேட்கும் கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: நீங்கள் யார், எந்தப் படிப்பு; எந்தக் கோப்புகள், அவற்றின் எண்ணோடு; எந்த இலக்கணக் கேள்விக்காக; ஒலியையும் பேசியவரின் பெயரையும் வெளியிடப் போகிறீர்களா இல்லையா.

என் முதல் கடிதம் "உங்கள் எவென் தரவு முழுவதும் வேண்டும்" என்று இருந்தது. பதில் வரவில்லை. இரண்டாவதில் பதினொரு கோப்புகளின் எண்களைக் குறிப்பிட்டு, தேவை வினை வடிவத்தைத் தேடுகிறேன் என்று எழுதினேன். பத்தொன்பது நாளில் அனுமதி வந்தது, கூடவே எந்தக் கதையில் அது அதிகம் வரும் என்ற குறிப்பும்.

ஆவணங்கள்: மாணவர் என்பதற்குத் துறையின் கடிதம், வழிகாட்டியின் கையெழுத்தோடு ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், உங்கள் நிறுவனத்தில் ஆய்வு அறநெறிக் குழு இருந்தால் அதன் ஒப்புதல். அறநெறி ஒப்புதலைத்தான் முதலில் விண்ணப்பியுங்கள், அதுதான் தாமதமாகும். எனக்கு இரண்டரை மாதம் ஆனது. குழு மாதம் ஒருமுறைதான் கூடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

5. செலவுக் கணக்கு

மென்பொருளுக்குச் செலவு இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் ஈலான் இலவசம். ஹாம்பர்க் கோப்புகளைத் திறக்கும் எக்ஸ்மரால்டாவும் இலவசம்.

செலவு வருவது சேமிப்பில். சுருக்கப்படாத ஒலி, நொடிக்கு 48,000 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 மெகாபைட். இரட்டைத் தடம் என்றால் அதைப்போல் இரு மடங்கு. படக்காட்சியும் எடுத்தால் பல மடங்கு. நான் இருபது மணி நேர ஒலி மட்டும் எடுத்தேன். ஒரு வெளி வன்தட்டு, அதற்கு ஒரு நகல், இவ்வளவுதான். அப்புறம் நல்ல காதொலிக் கருவி. அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், விகுதியின் கடைசி மெய் மலிவான கருவியில் கேட்கவே கேட்காது.

பெரிய செலவு நேரம்தான். ஏற்கெனவே எழுதப்பட்ட உரையைச் சரிபார்க்க எனக்கு ஒரு நிமிடப் பதிவுக்கு இருபது நிமிடம் ஆனது. எழுதப்படாததைத் தொடவே வேண்டாம். முதல் ஆய்வுக்கு, முழுக்கப் பிரித்துப் பொருள் எழுதிய உரைகளை மட்டும் எடுங்கள்.

6. சின்னதாகத் தேடுங்கள்

முதல் தலைப்பாக இணைப்புச் சொற்கள் மிக வசதியானவை. தேடுவது எளிது, கடன் என்று காட்டுவதும் எளிது. பெரிங் நீரிணைக்கு மேற்கே சைபீரிய யூப்பிக் மொழி, அண்டை மொழியான சுக்சியிடமிருந்து இணைப்புச் சொற்களையும் இடைச்சொற்களையும் ஏராளமாக எடுத்துக்கொண்டது. "அப்புறம்", "மேலும்" என்ற பொருளில் வரும் யூப்பிக்கின் "என்காம்" சுக்சிச் சொல்தான். சொல் அளவில் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் விகுதியாலும் எச்சத்தாலும் வாக்கியங்களைக் கோத்த ஒரு மொழியில் தனி இணைப்புச் சொற்கள் நுழையும்போது வாக்கியம் கட்டும் முறையே மாறத் தொடங்குகிறது.

மெத்னி அல்யூத் மொழியை முதல் தலைப்பாக எடுக்காதீர்கள். எல்லாருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. கம்சட்காவுக்குக் கிழக்கே உள்ள கமாண்டர் தீவுகளில் ஒன்றான மெத்னியில் பிறந்த கலப்பு மொழி அது. வினையடி அல்யூத், அதன் காலத்தையும், நான், நீ, அவன் என்ற இடத்தையும் காட்டும் விகுதி ரஷ்யன். "உஙுச்சி" என்பது உட்கார் என்ற அல்யூத் அடி. நான் உட்கார்கிறேன் என்பது "உஙுச்சியு", நீ என்றால் "உஙுச்சிஇஷ்", அவன் என்றால் "உஙுச்சிஇத்". மூன்று விகுதியும் ரஷ்ய மொழியினுடையவை. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2022-இல் மறைந்தார். இதை அறிந்த நாளிலிருந்து அந்த மூன்று சொற்களையும் என்னால் சாதாரண எடுத்துக்காட்டாகப் பார்க்க முடியவில்லை. மதிப்போடு படியுங்கள். ஆனால் உங்கள் அளவுகோலாக அதை வைக்காதீர்கள். பெரும்பாலான தொடர்புகள் அப்படி நடப்பதில்லை, ஒரு விகுதி, ஒரு வேற்றுமை, ஒரு இணைப்புச் சொல் என்று மெதுவாக நடக்கின்றன.

தேடும்போது ஒவ்வொரு வரிக்கும் பேசியவரின் வயது, அவர் பேசும் பிற மொழிகள், உரை வகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இதை விட்டுவிட்டு, பிறகு இருபது மணி நேர ஒலியையும் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

7. மூன்றாம் மொழியை மறக்காதீர்கள்

சகாவிலும் எவெனிலும் ஒரே இணைப்புச் சொல் வந்தால் குதிக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாக ரஷ்யனிடமிருந்து எடுத்திருக்கலாம். நான் "சகா கடன்" என்று குறித்த பதினான்கு இடங்களில் ஐந்து ரஷ்யச் சொற்களாக முடிந்தன. ஐந்து பத்தி அட்டவணைக்கு வெளியே ரஷ்யனுக்கு ஒரு சோதனை வரி எப்போதும் இருக்கட்டும்.

ரஷ்யன் எல்லா இடத்திலும் கொடுக்கும் கைதான் என்றும் நினைக்க வேண்டாம். தய்மீரில் தொல்கான், ங்கனசான், ரஷ்யர்கள் தங்களுக்குள் பேச கொவோர்கா என்ற கலப்பு மொழி இருந்தது. சொற்கள் ரஷ்யன். ஆனால் ரஷ்யனில் "இடம்" என்று பொருள்படும் "மெஸ்த" என்ற சொல், பெயருக்குப் பின்னால் வந்து நம் "-இடம்", "-க்கு" போல வேற்றுமை வேலையைச் செய்தது. "மென்யா மெஸ்த" என்றால் என்னிடம், எனக்கு. ரஷ்யச் சொற்கள் உள்ளூர் இலக்கணத்துக்கு வளைந்த கதை அது.

8. கால அட்டவணை

முதல் வாரமே அறநெறி விண்ணப்பம். காத்திருக்கும் இரண்டு மூன்று மாதத்தில் எழுத்து, குறியீடு, ஐந்து பத்தி அட்டவணை. மூன்றாம் மாதம் காப்பகக் கடிதம். நான்கு, ஐந்தாம் மாதம் தேடலும் சரிபார்ப்பும். ஆறாம் மாதம் அட்டவணையை மட்டும், ஒரு வரி விளக்கமும் இல்லாமல், வழிகாட்டியிடம் காட்டுங்கள். அது நிற்கிறது என்று அவர் சொன்ன பிறகே எழுதத் தொடங்குங்கள். எழுத இரண்டு மாதம் போதும்.

எழுதும்போது ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் கீழே கோப்பு எண், ஒலியில் அது வரும் நேரம், பதிவு செய்தவர் பெயர் இருக்கட்டும். பேசியவரின் பெயரைக் காப்பகம் அனுமதித்த விதத்தில் மட்டும் போடுங்கள். சிலர் தங்கள் பெயர் வர வேண்டும் என்று விரும்பியிருப்பார்கள், சிலர் வேண்டாம் என்றிருப்பார்கள். கோப்பின் விவரக்குறிப்பில் அது இருக்கும். முடித்ததும் ஆய்வேட்டின் ஒரு படியைப் பதிவு செய்தவருக்கு அனுப்புங்கள். நான் அனுப்பியதற்கு, லமுன்கின் எடுத்துக்காட்டுகள் இரண்டில் விகுதியை நான் தவறாகப் பிரித்திருந்ததைத் திருத்தி ஒரு நீண்ட பதில் வந்தது. அதற்காகவே, சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே அனுப்பிவிடுங்கள்.